தொட்டியோடு வந்த செடி

மதுரை மாநகரின் வடமேற்கு எல்லையில், திண்டுக்கல் சாலையை ஒட்டி, கண்மாயும் வயலுமாக நெடுங்காலம் வாழ்ந்து, பிறகு பேரூராட்சியாக வளர்ந்து, 2011-ஆம் ஆண்டு மாநகராட்சியோடு இணைந்துவிட்ட விளாங்குடியில், வீடென்று ஒன்று எழும்பினால் அதன் மதிலோரத்திலோ, மாடிப்படியிலோ, மொட்டை மாடியிலோ நாலைந்து பூந்தொட்டிகளாவது இல்லாமற் போவதில்லை. அவற்றுள் பல, கடையில் புதிதாக விலைகொடுத்து வாங்கியவை அல்ல. உத்தியோகம் மாறிப் போகிறவர்கள் லாரியில் ஏற்ற இடமின்றி விட்டுச் சென்றவையும், வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியவையும், காயலான் கடை வாசலில் துருப்பிடித்த கட்டில்களுக்கும் கால் ஒடிந்த நாற்காலிகளுக்கும் நடுவே அடிமாட்டு விலைக்குக் கிடைப்பவையுமே மிகுதி. அப்படி வரும் தொட்டி வெறுந்தொட்டியாக வருவதில்லை. பழைய எஜமானர் நிரப்பிய மண்ணும், அந்த மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் வேரும் கிழங்கும் விதையும் அதனுடன் வருகின்றன. வாங்கியவர் நீர் வார்க்கத் தொடங்கியதும், அவர் நடாத செடி ஒன்று அதிலிருந்து தலை நீட்டுகிறது. அதன் பெயர் என்ன, குணம் என்ன என்று சொல்வதற்கு அதை நட்டவர் அருகில் இல்லை. இவ்வாறு பெயரின்றி வந்த செடிகளை நாம் நடத்தும் விதத்தைப் பற்றி, பொதுஜனங்களும் கல்விச்சாலைகளும் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

என் வீட்டுக்கு வந்த சிமெண்ட் தொட்டி ஒன்றையே திருஷ்டாந்தமாகச் சொல்லலாம். விளிம்பு சற்றே சிதைந்து, மண் வெடித்து, சருகு மூடிக் கிடந்த அத்தொட்டியில், ஐப்பசி மழை இரண்டு முறை நன்றாகப் பெய்ததும், காய்ந்த குச்சி என்று நான் நினைத்திருந்த ஒரு தண்டின் கணுவிலிருந்து பச்சைத் துளிர் கிளம்பி, நாளடைவில் தொட்டியின் வாயை மூடி, வெளியே தொங்கி, தரையைத் தொட்ட இடத்திலெல்லாம் வேரூன்றிப் படர்ந்தது. மார்கழி பிறப்பதற்குள் மஞ்சள் மொட்டும் வைத்தது. அடுத்த வீட்டு அம்மாள், சமையற்கட்டுக்கு வேண்டிய கீரைகளைத் தெருவோரத்திலேயே இனங்கண்டு பறிக்கும் பழக்கமுடையவர், மதிலுக்கு அப்பாலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மஞ்சக் கரிசலாங்கண்ணில்ல! காசு குடுத்தாலும் கெடைக்காதே. பறிச்சுப் பொரியல் பண்ணாம சும்மாவா விட்டு வச்சிருக்கீக?" என்று உரிமையோடு கடிந்துகொண்டார். "பூ நல்லா விரியட்டும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று நான் சொன்னது அவருக்கு அநாவசியமான தாமதமாகத் தோன்றியிருக்கக்கூடும். ஆயினும் அந்தத் தாமதத்தில்தான் விஷயமே இருக்கிறது.

கரிசலாங்கண்ணியின் பெருமையை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெண்ணிறப் பூவோடு தானே முளைத்துக் கிடக்கும் வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெரித்துக் கண்மை கூட்டிய பாட்டிமார்களை அறிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதன் தண்டை ஒடித்தால் கசியும் சாறு, காற்றுப் பட்டதும் சிறிது நேரத்தில் கறுத்துவிடும்; அதனை அறிவதற்கு அதைவிட எளிய பரீட்சை வேறில்லை. அதற்குச் சகோதரி போல வைத்தியர்கள் கொண்டாடும் மஞ்சள் பூக் கரிசாலை வேறொரு செடி. பொற்றலைக் கையாந்தகரை என்ற பெயரோடு வள்ளலார் தம் நித்திய அனுஷ்டான விதிகளில் இக்கீரைக்கு உயர்ந்த ஸ்தானம் அளித்திருப்பதால், அவர் நெறி நிற்போர் வீடுகளில் கரிசாலை உணவாகவே வழங்குகிறது. இவ்வளவு மதிப்புள்ள கீரை கேட்காமலே தொட்டியில் வந்து முளைத்தால், பறித்துப் பொரிக்கத்தானே தோன்றும்? அந்த அம்மாளின் ஆசையில் குற்றமில்லை.

பூ விரிந்தது. அதைப் பறித்து உள்ளங்கையில் வைத்து, கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் பொருத்திக்கொள்வது போன்ற ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது, நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூவன்று என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்தது. விளிம்பில் இதழ்கள் போல் நீண்டு, நுனியில் சிறு பற்கள் வெட்டியிருந்த ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. நடுவே நெருங்கி நின்ற குழல்களும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. சூரியகாந்திக் குடும்பத்தின் லட்சணம் இது. கரிசலாங்கண்ணிகள் இரண்டும் அக்குடும்பமே. எனவே பூவின் நிறமும் அமைப்பும் மாத்திரம் கொண்டு அம்மாளின் தீர்ப்பை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இலைக்குப் போக வேண்டியிருந்தது.

இலை உண்மையைச் சொல்லிவிட்டது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை அகலத்தைவிட நீளம் மிகுந்து, ஈட்டியின் அலகு போல் ஒடுங்கி, கிட்டத்தட்ட காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டி, இருபுறமும் படிந்த ரோமங்களால் விரலுக்குச் சொரசொரப்பாக இருப்பது. விளிம்பு நேராகவோ, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல் வைத்தோ இருக்கும். என் தொட்டியில் படர்ந்ததோ, சதைப்பற்றுள்ளதாய், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு, நடுமடல் ஒன்றும் அதன் இருபுறமும் சிறு மடல் ஒவ்வொன்றுமாக மூன்று மடல்களாகப் பிரிந்திருந்தது. எல்லா இலையும் அப்படி இருந்துவிடவில்லை. நிழலில் இருந்த கொடியில் மடல் பிரியாமல், பல் மட்டும் வெட்டிய இலைகளும் இருந்தன. ஓர் இலையைக் கிள்ளிக் காட்டி இது என்ன செடி என்று கேட்பது எவ்வளவு பயனற்றது என்பதை இந்த ஒரு செடியே போதிக்கும். இளந்தளிர், முற்றிய இலை, வெயில் பட்டது, நிழலில் நின்றது, கணு, பூ, காய் ஆகிய இத்தனையையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஒரு தாவர சாஸ்திரி வாய் திறப்பார். அதற்கு முன் வாய் திறப்பவரை நம்பக் கூடாது.

ஆக, தொட்டியோடு வந்தது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா என்ற செடி. மெக்ஸிகோவின் தென்பகுதி தொடங்கி மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென்னமெரிக்காவின் வடபாகம் வரையில் அதன் தாயகம். 1759-ஆம் ஆண்டு ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் அதற்கு ஒரு பெயர் சூட்டினார். 1893-இல் அது வெடிலியா என்ற இனத்துக்கு மாற்றப்பட்டது. 1996-இல் புருஸ்கி என்ற அறிஞர் இப்போதுள்ள இனத்தில் அதைச் சேர்த்தார். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் முன்னர் வெடிலியா என்றே நூல்களில் குறிக்கப்பட்டு, இப்போது அதே ஸ்பாக்னெட்டிகோலா இனத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்லவாயினும் நெருங்கிய பங்காளிகள். அடுத்த வீட்டு அம்மாளின் கண் தவறான திசையில் போகவில்லை. குடும்பத்தையும் இனத்தையும் அது சரியாகவே கண்டது. கடைசிப் படி ஒன்றில்தான் வழுக்கியது. அந்தக் கடைசிப் படியில் உண்பதும் உண்ணாததும் பிரிகின்றன.

அந்நியச் செடி என்பதனாலேயே இதை வெறுக்க வேண்டுமென்பது என் கட்சியன்று. வெட்டுக்காயத்துக்கு நம் கிராமத்துப் பிள்ளைகள் கசக்கி வைக்கும் வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்ததே, மிளகாயும் அப்படியே. தொட்டியில் வந்த இச்செடிக்கும் அதன் தாயகத்து நாட்டு வைத்தியத்தில் ஓர் இடம் உண்டு. ஆனால் நம் சித்த வைத்திய நூல்கள் ஈரலுக்கும் கண்ணுக்கும் ஏற்றதென்று புகழும் மூலிகை இதுவன்று. அந்நூல்களின் அனுபவம் வேறொரு செடியின்மேல் பெற்ற அனுபவம். ஒருவருக்கு எழுதிய நற்சான்றைப் பெயரொற்றுமை கருதி மற்றொருவர் காட்டி உத்தியோகம் பெறுவதை நாம் ஒப்புவோமா? பூங்காக்களிலும், சாலை நடுத்திட்டுகளிலும், கட்டடங்களின் முன்வாசலிலும் தரைவிரிப்பாகப் படரவிட்டிருக்கும் இக்கொடியை, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பிப் பறித்துச் செல்வோரும், அந்தப் பெயரிலேயே விற்போரும் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள்.

உண்பதோடு சங்கதி முடிந்துவிடவும் இல்லை. இது பெரும்பாலும் விதையை நம்பிப் பெருகுவதன்று. ஒடிந்து விழுந்த ஒரு கணு ஈரமண்ணைத் தொட்டால் போதும், புதுச் செடியாகிவிடும். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தைச் சார்ந்த நிபுணர் குழு, உலகில் மிகக் கொடிதாகப் பரவும் அந்நிய உயிரினங்கள் நூறு என்று தொகுத்த பட்டியலில் இதற்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதை விற்பதும், இனாமாகக் கொடுப்பதும்கூடச் சட்டப்படி குற்றம். நாமோ, தொட்டியில் அடர்ந்துவிட்டால் பாதியைப் பிடுங்கித் தெருமுனைச் சாக்கடையிலோ கண்மாய்க் கரையிலோ போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறோம். விளாங்குடியில் நிற்பவர் வைகையைப் போய்ப் பார்த்தால் இதன் முடிவு எப்படியிருக்கும் என்று ஊகிக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊதா நிறப் பூவின் அழகுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து வங்காளத்துக்கு வந்த ஆகாயத்தாமரை, இன்று வைகையின் தேங்கிய மடுக்களையும் மதுரையைச் சூழ்ந்த கண்மாய்களையும் மூடிக் கிடக்கிறது. மலைக்காடுகளில் புதர்புதராக மண்டிய உண்ணிச்செடியும் அலங்காரத்துக்காகத் தோட்டங்களில் வைத்ததே. 2022-ஆம் ஆண்டு தமிழக அரசு அந்நியப் படர்செடிகளைப் பற்றித் தனிக் கொள்கையொன்றை வகுத்து வெளியிட்டது. காடுகளைப் பற்றிய அக்கறை அதில் இருக்கிறது. அக்காடுகளுக்குச் செடிகள் சில தொட்டி வழியாகவும் சென்றன என்பதையும் நாம் மறவாதிருக்க வேண்டும்.

என் தொட்டிச் செடியால் எவருக்கும் உயிராபத்து நேர்ந்துவிடாது என்று சிலர் சமாதானம் சொல்லலாம். எல்லாத் தொட்டிகளுக்கும் அந்தச் சமாதானம் பொருந்துமா? நம் மாநிலத்து மலரான செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். கார்காலம் கழிந்ததும் கொடி காய்ந்து மறைந்து, கலப்பை போன்ற அதன் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். அப்படி உறங்கும் கிழங்கோடு கூடிய தொட்டியை ஒருவர் விற்க, மற்றொருவர் வாங்குவது நடக்கக்கூடிய காரியம். ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் விதைக்காகப் பயிரிடப்படும் இந்தக் கண்வலிக்கிழங்கில் கோல்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. இலங்கையில் இதனை உண்ணத்தக்க வள்ளிக்கிழங்கென்று எண்ணிச் சமைத்து உண்டவர்களுக்கு நேர்ந்த விபரீதங்களை அந்நாட்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாள்தோறும் கண்ணிற்படும் அரளியைப் பற்றியேனும் நாம் முற்றும் அறிந்திருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. கேரளத்தில் இளம்பெண் ஒருவர் வீட்டுத் தோட்டத்து அரளியை அறியாமல் மென்றதனால் உயிர் நீத்தார் என்ற ஐயம் எழுந்ததை அடுத்து, 2024-ஆம் ஆண்டு மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் ஆலயங்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேரலாகாது என்று உத்தரவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பூஜைக்குப் பறித்துவந்த பூவைப் பற்றியே இப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டதென்றால், நேற்றுத் தொட்டியில் முளைத்த, எவரும் அறியாத செடியைப் பற்றி நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

இந்த அறிவு நம்மிடம் இல்லாததன்று. 1690-களில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் வைத்தியராக இருந்த சாமுவேல் பிரவுன் என்ற ஆங்கிலேயர், கோட்டையைச் சுற்றியுள்ள இடங்களில் செடிகளைச் சேகரித்து உலர்த்தி, இவ்வூரார் சொன்ன பெயர்களையும் உபயோகங்களையும் குறித்து லண்டனுக்கு அனுப்ப, அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்பவர் அவற்றை ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் அச்சேற்றினார். நம் மொழிப் பெயர்களைத் தாங்கிய அந்தச் செடிகள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காகிதத்தில் ஒட்டியபடி அந்நாட்டில் பத்திரமாக இருக்கின்றன. 1768-இல் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்த கோனிக், லின்னேயஸிடமே பயின்றவர். அவருக்குப் பின் அதே ஊருக்கு வந்த ராட்லர் பாதிரியார், ஒரு கையால் தமிழ் அகராதி தொகுத்து, மறு கையால் செடி தொகுத்தார். கும்பினியாரின் மருத்துவ அதிகாரியாக இருந்த ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரையில் வெளியிட்ட இந்தியத் தாவரப் படத்தொகுதியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் உண்டு. அவருக்குப் படம் எழுதிக் கொடுத்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைட் பெயரிட்டார். காம்பிள் தொடங்கி, அவர் காலமான பிறகு ஃபிஷர் முடித்த சென்னை ராஜதானித் தாவர நூல் 1915 முதல் 1936 வரையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. நம் காலத்திலே, யேசு சபைத் துறவியாகிய கே. எம். மாத்யூ அவர்கள், 1967-இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரச் சாலையை நிறுவி, கர்நாடக சமவெளி முழுவதையும் நடந்து சேகரித்து, பல பாகங்கள் கொண்ட தாவர நூலை இயற்றினார். அந்நூலுக்கு முன்னரே, 1969-இல், கொடைக்கானலில் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட செடிகளுக்கென்றே அவர் தனி நூல் ஒன்று எழுதியிருக்கிறார். தோட்டத்துச் செடிதானே என்று தள்ளாமல், ஒவ்வொரு பங்களாவின் பூந்தோட்டத்திலும் உள்ளதைத் தாவர சாஸ்திரத்தின் விஷயமாகவே அவர் மதித்தார். என் தொட்டிச் செடியைப் போன்றவற்றின் உண்மையான சரித்திரகர்த்தர் அவரே என்று எனக்குத் தோன்றும்.

கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்தில், சென்னை ஹெர்பேரியம் என்ற பழம்பெயரோடு லட்சக்கணக்கில் உலர்ந்த செடிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மூலிகை ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் தாங்கள் எடுத்துக்கொண்ட செடி இன்னதுதான் என்று அங்கே காட்டி, சான்று வாங்கித் தம் ஆய்வேட்டில் இணைப்பது வழக்கம். ஆராய்ச்சியாளருக்கு விதித்த இந்த ஜாக்கிரதை, அதே செடியைச் சட்டியில் போட்டு வதக்கும் குடும்பத்துக்கு வேண்டாமா? கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறி ஒரு கொடியின் பெயர் கேட்கச் செல்வது விளாங்குடிவாசிக்கு இயலாது. ஆனால் மதுரைக்குள்ளேயே தாவரவியல் கற்பிக்கும் கல்லூரிகள் பல இருக்கின்றன. அவற்றில் செடியை அறிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உலர்தாவர அலமாரிகளும் இருக்கின்றன. வெளியார் ஒருவர் கையில் ஒரு கிளையோடு சென்று, "ஐயா, இது என்ன செடி?" என்று கேட்பதற்கு வழி மட்டும் வகுக்கப்படவில்லை. வாயிற்காவலரிடம் என்ன சொல்லி உள்ளே போவது என்று தயங்கியே பலர் திரும்பிவிடுகிறார்கள்.

கைப்பேசியில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்ட பின் இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். அச்செயலிகளை நான் குறைவாக மதிக்கவில்லை. தாவரக் குடும்பம் இன்னதென்று ஊகிக்கும் வரையில் அவை நல்ல துணை. அதற்கு மேல், நெருங்கிய இனங்கள் இரண்டனுள் இது எது என்னும் இடத்தில், ரோமம் விரலுக்குச் சொரசொரக்கிறதா, தண்டை ஒடித்தால் பால் வருகிறதா, சாறு கறுக்கிறதா, நசுக்கினால் என்ன வாசனை என்பவற்றைப் படம் சொல்லாது. மேலும் செயலி விஞ்ஞானப் பெயரைச் சரியாகவே தந்தாலும், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தமிழில் தேடுகிறவர் முன்னே வந்து நிற்பது பெரும்பாலும் யாரோ எழுதிய மூலிகை மகிமைதான். அதில் எந்தச் செடியின் குணம் எதன் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பிரித்தறிவது கற்றவர்க்கே கடினம். கீழாநெல்லி என்று கடையில் விற்கும் சரக்கில் அதே இனத்துப் பிற செடிகளும் கலந்து வருவதை ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். நிலவேம்பும் சிறியாநங்கையும் ஒன்றே என்பாரும், வேறு என்பாரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இந்த வழக்குகளைத் தீர்த்து வைக்க, செடியைத் தொட்டுப் பார்க்கும் மனிதர் ஒருவர் வேண்டும்.

மனிதருக்கு அத்தகைய நுட்பம் கைவராது என்று எவரும் சொல்ல வேண்டாம். அதுவும் மதுரையில் இருந்துகொண்டு சொல்லவே கூடாது. மாட்டுத்தாவணி மலர் அங்காடிக்கு விடியற்காலையில் சென்று பாருங்கள். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, முல்லை, பிச்சி ஆகியவற்றை, மின்விளக்கின் மங்கலிலும், குவியலுக்குள் கைவிட்டு ஓர் அரும்பைத் தொட்ட மாத்திரத்தில், இது இன்னது என்றும், நேற்றுப் பறித்ததா இன்று பறித்ததா என்றும் சொல்லிவிடும் வியாபாரிகளும், அவர்களோடு சரிநிகராகப் பேரம் பேசும் பெண்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் இதைக் கற்பிக்கவில்லை. நித்திய பரிச்சயம் கற்பித்தது. இவ்வகைப் பூக்களை இத்தனை நுட்பமாக அறிந்த ஊர், தன் மதிலோரத்துச் செடிகளைப் பெயரறியாமல் வைத்திருப்பது சக்தியின்மையால் அன்று; சிரத்தையின்மையால் என்றே நான் நினைக்கிறேன்.

ஆகையால் சில வேண்டுகோள்களைப் பொதுவில் வைக்கிறேன். மதுரைக் கல்லூரிகளின் தாவரவியல் துறையினர், மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் தங்கள் கூடம் ஒன்றைப் பொதுஜனங்களுக்குத் திறந்து வைத்து, கொண்டுவரும் செடிக்குப் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு மேசையும், உருப்பெருக்கிக் கண்ணாடியும், மாத்யூ அவர்களின் நூலும், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரும், அவரருகே நின்று கற்றுக்கொள்ளும் மாணவர் நால்வரும் போதும். வகுப்பறையில் ஓர் ஆண்டு படித்து வராத தேர்ச்சி, கேட்க வந்த ஒரு கிழவியின் முன்னால் பதில் சொல்ல வேண்டிய அரைமணி நேரத்தில் அம்மாணவர்களுக்கு வந்துவிடும். அந்தக் கிழவியும் அவர்கள் அறியாத ஒரு பெயரையோ உபயோகத்தையோ சொல்லிவிட்டுப் போவார். செடி விற்பவர்கள், நர்சரிக்காரரானாலும் தள்ளுவண்டிக்காரரானாலும், தொட்டியில் ஒரு சிறு தகடு செருகி, செடியின் தமிழ்ப் பெயரையும் விஞ்ஞானப் பெயரையும், நஞ்சுடையதாயின் அந்த எச்சரிக்கையையும் எழுத வேண்டும். மாநகராட்சி இதை ஒரு விதியாகவே ஆக்கினாலும் தகும். வீடு மாறும்போது தொட்டியைக் கொடுத்துச் செல்கிறவர்களும், அதில் என்ன இருந்தது என்பதைப் பழைய ஓட்டின்மீதாவது சுண்ணாம்பால் எழுதிவிட்டுப் போகலாம். பின்னால் வருகிறவருக்கு அது பேருதவியாக இருக்கும்.

பெயரறியாத செடி வீட்டில் உள்ளவர்களுக்குச் செய்முறையாக ஒன்று சொல்கிறேன். பூவோடும், கிடைத்தால் காயோடும், கணுவோடும், இளைய இலை முற்றிய இலை இரண்டும் அடங்கிய ஒரு சாண் கிளையைக் காலையில் வெட்டுங்கள். ஒரு செய்தித்தாளை விரித்து, ஓர் இலை முகம் காட்டவும் ஓர் இலை முதுகு காட்டவும் பரப்பி வைத்து மடித்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். ஈரம் உறிஞ்சிய தாளைத் தினந்தோறும் மாற்றுங்கள். சில நாட்களில் செடி தட்டையாக உலர்ந்துவிடும். உலர்ந்தபின் பூவின் நிறம் மாறிவிடும் ஆதலால், வெட்டிய அன்றே நிறத்தையும், வாசனையையும், இடத்தையும், தேதியையும், அக்கம்பக்கத்தார் அதற்குச் சொல்லும் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உடன் வையுங்கள். அடுத்தமுறை கல்லூரிப் பக்கம் போகும்போது, தயங்காமல் தாவரவியல் ஆசிரியர் ஒருவரைக் கண்டு அதைக் காட்டுங்கள். மிகுந்ததை வெட்டினால் கண்மாய்க் கரையிலோ வாய்க்காலிலோ எறியாமல், கறுப்பு உறையில் கட்டி வெயிலில் போட்டு, நன்றாகக் காய்ந்து உயிரற்றுப் போனபின் குப்பையில் சேருங்கள். பெயர் உறுதியாகும் வரையில் அந்தச் செடியை உண்ணவும் வேண்டாம், மூலிகையென்று பிறருக்குக் கிள்ளிக் கொடுக்கவும் வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.